ஏழு பேர் வண்டி

உளுந்தைக் கிரைண்டரில் போட்டு சுவிட்சைத் தட்டியபோது சங்கரேஸ்வரிக்கு இருந்த கோபத்துக்குக் கல்லே தேவைப்பட்டிருக்காது. எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள். ஒரு கார் இருந்தா முடிஞ்சு போச்சு. தீப்பெட்டி ஆபீசில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற பாக்கியம் சொன்னாள், எதிர்வீட்டு டீச்சர் சொன்னார், பால் ஊற்ற வருகிறவர் வரைக்கும் சொல்லிவிட்டார். யோசனை சொல்ல வாயா வலிக்கிறது? இல்லாதவள் வழி கேட்டால் இருப்பவனுக்கான வழியைச் சொல்வதற்குக் கோவில்பட்டியில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மகள் பிரதிக்ஷாவுக்கு ஏழாங்கிளாஸ் பரீட்சை முடிந்ததும் கூட்டிப் போவதாகச் சொன்ன இடம் அது. கலகல சிட்டி. பேரைப் பார், கலகலவாம். சென்னைக்கு வெளியே கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு ஊரையே கட்டி வைத்திருக்கிறார்கள், தண்ணீர்ச் சறுக்கு, ராட்டினம், பனி வீடு, அலை அடிக்கிற குளம். அவர்களுடைய வெப்சைட்டில் வருவது எப்படி என்று ஒரு பக்கம் இருக்கிறது. கார் நிறுத்த எத்தனை ஆயிரம் வண்டிக்கு இடம், நிழல் உண்டா, டிரைவர் படுக்க இடம் உண்டா, எல்லாம் படம் போட்டு எழுதியிருக்கிறான். பஸ்ஸில் வருகிறவனுக்கு ஒரே ஒரு வரி, பிரதான சாலையில் இறங்கிக்கொள்ளவும். இறங்கி? இறங்கி என்ன செய்ய, அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பி வரவா? சாலையிலிருந்து வாசலுக்கு மூன்று கிலோமீட்டர் உள்ளே போகவேண்டும் என்பது அந்த வரியில் இல்லை, அவளாகவே மேப்பை விரித்து விரித்துப் பார்த்துக் கண்டுபிடித்தது. நடந்து வருகிறவன் டிக்கெட் வாங்க மாட்டான் என்று நினைத்துவிட்டார்கள். "ஊத்தவாக்கா?" என்றான் பூவலிங்கம். அவள் உளுந்தைத் தொட்டுப் பார்த்து, கொஞ்சம் என்றாள். அவன் எவர்சில்வர் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சமாக ஊற்றினான்.

பூவலிங்கம் அவளுடைய தம்பி. முப்பத்தொரு வயது. மனசுக்கு ஏழெட்டு வயதுதான் இருக்கும் என்று மதுரை டாக்டர் சொன்னார். அவளுக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. சில விஷயத்தில் அவனுக்கு நாலு வயது, சில விஷயத்தில் அறுபது. வீட்டில் யார் யாரோடு பேசாமல் இருக்கிறார்கள் என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாவாட்டும்போது தண்ணீர் ஊற்றுவது அவன் வேலை, அதை வேறு யாரும் தொட முடியாது. இந்தத் தம்ளரைப் பிடித்திருக்கிறவனுக்குத்தான் இடம் இல்லையாம். ஏழு பேர் வண்டி. கணவனுடைய அண்ணன் ஜெயபாண்டி போன வருஷம் வாங்கியது, வெள்ளை வெளேர் என்று ஒரு கப்பல். பெரியத்தான், அவர் பெண்டாட்டி, இரண்டு பையன்கள், ஆக நாலு. இவளும் கணவன் தங்கமாரியும் பிரதிக்ஷாவும் மூன்று. நாலும் மூணும் ஏழு. கடவுளே உட்கார்ந்து அளந்து செய்த வண்டி மாதிரி அத்தனை கச்சிதமாக இருந்தது அந்தக் கணக்கு. போன மாதம் வந்து இதே வீட்டில், இதே கூடத்தில், காபியைக் குடித்துக்கொண்டே பெரியத்தான் சொன்னார், எல்லாரும் நம்ம வண்டியிலயே போயிரலாம்மா, டீசல் என் பொறுப்பு. அவருக்குப் பின்னாலேயே அவர் பெண்டாட்டி, இவளுக்கு அக்கா முறை, வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி, மூணு நாளுதான ஈஸ்வரி, பூவை பைபாஸ் பக்கத்துல இவனை மாதிரி ஆளுகளுக்குன்னே ஒரு ஓம் இருக்காம்லா, அங்க விட்டா நல்லாப் பாத்துக்கிடுவாகளாம், டிவியெல்லாம் இருக்காம், பாவம் அவனுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்லா. பாவம்! அந்த வார்த்தையைக் கேட்டாலே சங்கரேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரியும். பாவம் என்று சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிறார்கள். பூவும் அப்போது அங்கேதான் இருந்தான், பிஸ்கட் தட்டை நீட்டிக்கொண்டு. அவனுக்குக் காது கேட்காது என்று எவன் சொன்னான்? அவள் சிரித்துக்கொண்டே, பரவால்லக்கா, நாங்க ட்ரெயின்ல வந்துக்கிடுதோம் என்றாள். அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் இப்போது ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. எதற்குச் சிரித்தாள்? காபித் தம்ளரை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போங்கள் என்று சொல்லியிருக்க வேண்டாமா? சிரித்தாள். இன்னும் கொஞ்சம் மிக்சர் வைக்கட்டுமா என்று வேறு கேட்டாள்.

அந்த வண்டியின் கதை அவளுக்குத் தெரியாதா? வாங்கின மறுநாளே திருச்செந்தூருக்கு பூஜைக்குக் கிளம்பினார்கள். எல்லாரும் செய்வதுதான், புது வண்டி முதல் ஓட்டம் முருகன் சன்னதிக்கு. அன்றைக்கு மட்டும் சின்னப் பையன் காய்ச்சலாகக் கிடந்தான், ஒரு இடம் காலி, பூவும் வரலாம் என்றார்கள். வரலாம் என்றார்கள், என்ன பெரிய மனசு. கடைசி வரிசையில் அர்ச்சனைக் கூடைக்கும் வாழைத்தாருக்கும் நடுவில் அவனை மடக்கி வைத்தார்கள். கண்ணாடி எல்லாம் ஏற்றி, ஏசியைப் போட்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு மல்லிகை வாசனை டப்பா, அது மல்லிகை இல்லை, மல்லிகையைக் கொன்று புதைத்த வாசனை. எட்டயபுரம் தாண்டும்போதே பூ, அக்கா, அக்கா என்றான். அவள் நடு வரிசையில் இருந்தாள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கத்தான் என்றாள். தூசி வரும்மா என்றார். சந்தன நிறச் சீட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அப்புறம் நடந்தது நடந்துவிட்டது. வண்டியை ஓரம் கட்டினார். இறங்கினார். பின்கதவைத் திறந்தார். பூவைப் பிடித்து இழுத்துப் புளியமரத்து அடியில் நிற்க வைத்தார். கோவிலுக்கு என்று கொண்டுவந்த தண்ணீர் பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சீட்டில் ஊற்றினார். அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முதல் பயணத்துலயே இப்பிடி ஆயிருச்சே, முருகா, முருகா என்று துடைத்தாள். துடைத்தார்கள், துடைத்தார்கள், அப்படித் துடைத்தார்கள். சட்டையெல்லாம் நனைந்து, வாயைத் துடைக்கத் தெரியாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தான் அவன். ஒரு பாட்டில் தண்ணீர்கூட அவனுக்கு வரவில்லை. சீட் முதலில், மனுஷன் அப்புறம். அவள்தான் கடைசி பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள், அதில் ஒரு வாய் தண்ணீர் மிச்சம் இருந்தது. அதைக் கொப்பளித்துவிட்டு அவன், சாரி அத்தான் என்றான், வண்டியைப் பார்த்து. இன்றைக்கும் ஜெயபாண்டி அதை ஒரு நகைச்சுவையாகச் சொல்லிக்காட்டுகிறார், கல்யாண வீட்டில், சடங்கு வீட்டில். எல்லாரும் சிரிக்கிறார்கள். அவள் கணவனும் சிரிக்கிறான்.

கணவன் இதோ கூடத்தில் படுத்துக்கொண்டு போனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறான், தங்கமாரி, இரும்புக் கடையில் நாள் முழுக்க நின்று உழைப்பவன்தான், ஞாயிற்றுக்கிழமை படுக்கக் கூடாதா என்று கேட்டால் படுக்கலாம்தான். ஆனால் சங்கரேஸ்வரிக்கு அந்தக் காலாட்டல் பிடிக்கவில்லை. ஒரு கால் மேல் இன்னொரு கால், மேல்காலின் பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும், மின்விசிறிக்குத் தாளம் போடுகிற மாதிரி. "என்னங்க, செங்கல்பட்டுல எறங்குனா பஸ்ஸு கெடைக்குமான்னு யாருக்கிட்டயாவது கேளுங்கன்னு சொன்னேன்லா?" கிரைண்டர் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "கேக்கணும்," என்றான். "எப்ப?" "கேக்கலாம்." அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அண்ணன் ஒண்ணும் தப்பாச் சொல்லலையே ஈஸ்வரி. மூணு நாளுதான. அதுக்குமேல நீ சொன்னாச் சரி." நீ சொன்னாச் சரி. கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் அவள் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான். கேட்கிறவர்களுக்கு எத்தனை நல்லவன், பெண்டாட்டி பேச்சைத் தட்டாதவன். ஆனால் அதற்கு அர்த்தம், முடிவு உன்னுடையது, கெட்ட பெயரும் உன்னுடையது. அண்ணன் காரிலும் போகவேண்டும், அண்ணனிடம் இல்லை என்று சொல்லவும் கூடாது, மச்சினனை விட்டுவிட்டு வந்தவன் என்றும் பேர் வாங்கக் கூடாது. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. பூவை அவன் ஒரு நாள் அதட்டியது கிடையாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். முடி வெட்டக் கூட்டிப் போவான், சவரம் செய்துவிடுவான். அதனாலேயே முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, பாதிக் கோபம் உள்ளேயே தங்கி நெஞ்சைக் கரிக்கிறது.

சரி, போகட்டும். யாரும் கேட்க வேண்டாம். அவளே ஒரு திட்டம் போட்டுவைத்திருக்கிறாள், தலைக்குள்ளே, வாரக்கணக்காக. ராத்திரி இங்கே ரயில் ஏறவேண்டும். பூவுக்கு ஜன்னல் ஓரம், கீழ் படுக்கை, காற்று முகத்தில் அடித்தால் அவனுக்கு ஒன்றும் செய்யாது. சாத்தூர், விருதுநகர், மதுரை என்று சொல்லிக்கொண்டே வருவான், மதுரையோடு அவன் உலகம் முடிந்தது, அங்கே ஆஸ்பத்திரி. அதற்கப்புறம் தூங்கிவிடுவான். தூங்குவானா? தூங்காமல் எழுந்து நடந்தால்? கதவு திறந்து கிடக்கும், இந்தப் பாழாய்ப்போன ரயிலில் கதவை எவன் சாத்துகிறான். அவள் அவன் காலடியில் உட்கார்ந்தே வரவேண்டியதுதான். விடியற்காலம் செங்கல்பட்டு. பிளாட்பாரத்தில் பல் விளக்கி, பெண்கள் பக்கம் அவளும் பிரதிக்ஷாவும், ஆண்கள் பக்கம் பூவைத் தங்கமாரி கூட்டிப் போகவேண்டும், அவன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் இருக்கவேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே பஸ். எந்த பஸ், என்ன நம்பர், ஒருவனும் சொல்லத் தயாரில்லை. போனில் கேட்டால் அந்தப் பூங்காக்காரி, மேடம் நீங்க கேப் புக் பண்ணிக்கலாமே என்கிறாள். பண்ணிக்கலாம், ராணி மாதிரி. கேப் என்றாலும் அது கார்தானே, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அதே செத்த மல்லிகை டப்பாவோடு. பூவுக்கு அது ஆகாது. பஸ்தான். பஸ் அந்தப் பெரிய சாலையில் இறக்கிவிடும், அங்கே ஷேர் ஆட்டோ இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் அந்த மூன்று கிலோமீட்டர். வெயில் ஏறுவதற்குள் நடந்துவிட்டால் பரவாயில்லை. பூ நன்றாக நடப்பான், நடக்க மாட்டேன் என்பது பிரதிக்ஷாதான். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னால் வருவாள், எதிரே ஒவ்வொரு காராகத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகும், அதில் ஒன்று வெள்ளைக் கப்பல், ஜன்னலிலிருந்து அக்கா கையை ஆட்டுவாள். ஐயோ, ஆட்டத்தான் செய்வாள்! வண்டியை நிறுத்துவார்கள் வேறு, புள்ளைய மட்டுமாவது ஏத்திவிடு ஈஸ்வரி என்பார்கள். அப்போது என்ன செய்ய? அங்கேதான் எப்போதும் அவள் திட்டம் வந்து சிக்கிக்கொள்கிறது. அந்த இடத்தைத் தாண்ட முடியாமல் திரும்பவும் செங்கல்பட்டுக்குப் போய், திரும்பவும் பஸ் ஏறி, திரும்பவும் அந்தச் சாலையில் வந்து நிற்கிறாள். "ஊத்தவாக்கா?" ஊத்து. வாசலில் பையைச் சோதிப்பார்கள், புளியோதரையை உள்ளே விட மாட்டார்களாம். சேலையோடு தண்ணீருக்குள் விட மாட்டார்களாம். அதற்கென்று வழுவழுவென்று ஒரு உடை வேண்டுமாம், வாடகைக்கே கொடுப்பார்களாம், எவள் எவள் போட்டுக் கழற்றியதோ. நாற்பது வயதில் அதை மாட்டிக்கொண்டு நிற்கவேண்டும் என்று தலையில் எழுதியிருக்கிறது. பார்த்துக்கொள்ளலாம்.

உளுந்து பொங்கி மேலே வந்திருந்தது. வழித்து எடுக்கக் கையை விட்டபோது குளிர்ச்சியாக இருந்தது, மெத்மெத்தென்று, விரல் நடுவிலெல்லாம் ஏறியது. அலை அடிக்கிற குளம் இப்படித்தான் இருக்குமோ. அவள் கடலில் கூட முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. திருச்செந்தூரில் எல்லாரும் முங்குகிறபோது அவள் கரையில் நின்று செருப்புக்கும் பைக்கும் காவல், பூவுக்குக் காவல். குளத்தில் முதலில் கால், அப்புறம் இடுப்பு, அப்புறம் தூரத்தில் ஒரு சங்கு ஊதும், வீடியோவில் பார்த்திருக்கிறாள், ஊதியதும் எல்லாரும் ஓவென்று கத்துவார்கள், அலை வரும். வந்தது. தூக்கியது. காது வரைக்கும் தண்ணீர். கத்தினாள், தானும் கத்தினாள், யார் என்ன நினைப்பார்கள் என்று இல்லாமல், தொண்டை கிழிய. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மிதந்தாள். இரண்டு கை. கிரைண்டருக்குள் அவளுடைய கை நின்றுவிட்டது. இரண்டு கையும் விரிந்திருக்கிறது என்றால் பூ எங்கே? கூட்டத்தில் அவன் எப்போதும் அவளுடைய இடது கையில்தான் இருப்பான். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு ஒரு வருஷம் கையை விட்டுவிட்டுத் தேடிய தேடல் போதும், கடைசியில் வளையல் கடைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான், யாரோ ஒருத்தன் அவன் தலையில் காகிதத் தொப்பியை மாட்டி ஆடச் சொல்லி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவனைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தண்ணீருக்குள் எப்படிப் போனாள்? யோசித்துப் பார்த்தாள். ரயிலில் இருந்தான், பஸ்ஸில் இருந்தான், சாலையில் இருந்தான். வாசலோடு காணோம். குளத்தில் அவனை நிறுத்தவே இல்லை அவள். கரையில் உட்கார வைத்தாளா, பையோடு? அதுவும் இல்லை. அந்த அலைக்குள் அவன் பிறந்தே இராதவன் மாதிரி அவள் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். சீ என்று வந்தது. கையை உதறினாள், மாவு சுவரெல்லாம் தெறித்தது. எல்லாம் இந்தக் கலகலக்காரன் போட்ட வீடியோவால் வந்த வினை.

அவனை அவள் பிரியத்தோடு கூட்டிக்கொண்டு வந்தாள் என்றுதான் ஊர் நினைத்துக்கொண்டிருக்கிறது. தங்கமான அக்கா என்பார்கள். அவளுக்குத்தானே தெரியும். அம்மா இறந்து பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தி முடிந்து, பந்தலைக்கூடப் பிரிக்கவில்லை, தாய்மாமா பல்லைக் குத்திக்கொண்டே சொன்னார், ஏதாவது ஆசிரமத்துல கேட்டுப் பாக்கணும், இவனை யாரு கட்டி மாரடிக்க. பூ அங்கே இலை எடுத்துக்கொண்டிருந்தான். அவளுக்கு உச்சந்தலையில் ஏறியது. யாரும் பாக்க வேணாம், நான் வச்சுக்கிடுதேன் என்றாள், இலைக் கூடையைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். அவ்வளவுதான். தங்கமாரியிடம் கேட்கவில்லை, யோசிக்கவில்லை, தம்பி முகத்தைக்கூட அந்த நேரத்தில் பார்க்கவில்லை, மாமாவின் முகத்தைத்தான் பார்த்தாள், அது விழுகிறதா என்று. விழுந்தது. அந்த சந்தோஷத்துக்கு ஒன்பது வருஷம் ஆகிறது. அது அன்பா, வீம்பா என்று அதற்கப்புறம் கேட்டுப் பார்த்துக்கொள்ள நேரமும் இல்லை. காலையில் எழுந்தால் அவனுக்குப் பல் விளக்கிவிட வேண்டும், அதுதான் தெரியும்.

போன் அடித்தது. கை முழுக்க மாவு. பூவே எடுத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியும், ஸ்பீக்கரைப் போட்டு அவள் காதுக்குப் பக்கத்தில் பிடித்தான். அக்கா. "ஈஸ்வரி, மாவாட்டுதியோ? சத்தம் கேக்கு. ஒண்ணுமில்ல, உங்க பெரியத்தான் ரூம் போடணும்னு சொல்லுதாக. நீ முடிவாச் சொல்லிட்டன்னா." "முடிவாத்தான்க்கா சொன்னேன். நாங்க ட்ரெயினு." "ட்ரெயினு, பஸ்ஸுன்னு ஏன் இப்பிடி வம்படியா அலையணும்ங்கேன்? வயசுப்புள்ளைய ரோட்டுல நடக்கவச்சுக் கூட்டிட்டு வருவியா?" "எல்லாரும் நடக்கிற ரோடுதான்க்கா." "நான் சொல்லுதேன்னு கோவப்படாத. பாப்பாவே நேத்து எனக்கு போன் போட்டா. பெரியம்மா நான் உங்க கூட கார்ல வாரேன், அம்மா ஒத்துக்கிட மாட்டா, நீங்க சொல்லுங்கன்னா. சின்னப்புள்ள ஆசைய ஏன் கெடுக்கணும்? உனக்குத் தம்பி பெருசா, பெத்த புள்ள பெருசா?" சங்கரேஸ்வரிக்கு வாயில் பதில் வந்து நின்றது, நல்ல காரமான பதில், அம்மியில் அரைத்து எடுத்த மாதிரி. ஆனால் போனைப் பிடித்துக்கொண்டிருந்தது பூவின் கை. அந்தக் கை ஆடாமல் அவள் காதோரம் நின்றது. "வைக்கேன்க்கா, மாவு நெகிழ்ந்துரும்," என்றாள். அவன் சிவப்பை அமுக்கினான்.

பெத்த பிள்ளை பெருசா! தராசு எங்கே இருக்கிறது, கொண்டு வா, இரண்டு தட்டிலும் ஏற்றிப் பார்த்துவிடலாம். பிரதிக்ஷா உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். நேற்று போன் போட்டிருக்கிறாள். அம்மாவிடம் வாய் திறக்கவில்லை, பெரியம்மாவிடம் திறந்திருக்கிறாள். இதற்குத்தான் வாரக்கணக்காக மேப்பைத் தடவித் தடவிக் கண் பூத்துப்போனது. யாருக்காக அந்தக் கலகலப்பு? இவளுக்காகத்தானே. இவள் கேட்டாள் என்றுதானே. உளுந்து மாவை வழித்துக் குண்டானில் போட்டாள், குண்டான் ணங்கென்றது. அரிசிச் சட்டியை இழுத்தாள், தண்ணீரை வடித்தாள், பாதி வெளியே கொட்டியது. எல்லாவற்றையும் விட்டுவிட்டால் என்ன? போகவே வேண்டாம் என்றால்? அதுவும் அவர்களுக்கு வசதிதான், பாவம் தம்பியால அவ எங்கயும் போறதில்ல என்று ஆரம்பித்துவிடுவார்கள். போனாலும் பேச்சு, போகாவிட்டாலும் பேச்சு. உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி. "அக்கா," என்றான் பூ. தம்ளரை மடியில் வைத்திருந்தான். "நான் வரலக்கா. நீங்க கார்ல போங்க. நான் ஓம்ல இருந்துக்கிடுதேன். அங்க டிவி இருக்கு."

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. முதலில் அதுதான் வந்தது. தோள் இறங்கியது, மூச்சு நீளமாக வெளியே போனது, ஒரே நொடியில் செங்கல்பட்டும் பஸ்ஸும் மூன்று கிலோமீட்டரும் கரைந்து போய், கண்ணாடி ஏற்றிய குளிரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அவள் தூங்கிக்கொண்டு போனாள், மடியில் எதுவும் இல்லை, கையில் யாரும் இல்லை. அவனே சொல்லிவிட்டானே. நாம் சொல்லவில்லையே. அந்த நிம்மதி எத்தனை இனிப்பாக இருந்தது என்பது அதற்கப்புறம்தான் அவளுக்கு உறைத்தது. ஜெயபாண்டி சீட்டைத் துடைத்தார், இவள் என்ன செய்தாள் இப்போது? அதையேதான் செய்தாள், சத்தமில்லாமல். கிரைண்டரை நிறுத்தினாள். வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது, தங்கமாரியின் போனில் யாரோ பாடுவது மட்டும் கேட்டது.

"யாரு சொன்னா ஒனக்கு, ஓம்ல டிவி இருக்குன்னு?"

"அன்னைக்கு அந்த அக்கா சொன்னாகள்லா."

"வரலன்னு சொல்லச் சொன்னது யாரு?" பொய் சொல்ல வராது அவனுக்கு, பேசாமல் இருக்கத்தான் தெரியும். தம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெரியத்தானா? அத்தானா?" கூடத்தில் காலாட்டல் நின்றது. "இல்ல," என்றான். "பாப்பா. நானாச் சொன்னாத்தான் நீ கேப்பியாம். நல்லா சிரிச்சுக்கிட்டே சொல்லணும்னா. சிரிக்க மறந்துட்டேன்க்கா."

"ஒனக்கு வரணுமா, வேணாமா? உள்ளதைச் சொல்லு."

"எனக்கு வரணும்," என்றான் பூ. "ஆனா பாப்பா அழுதாளே."

அவள் கூப்பிடவே இல்லை. கதவு திறந்து பிரதிக்ஷா தானாகவே வந்து சமையற்கட்டு வாசலில் நின்றாள், எல்லாவற்றையும் கேட்டுவிட்ட முகம், கண் வீங்கியிருந்தது. பன்னிரண்டு வயது. அடிக்கக் கை ஓங்க வேண்டும் என்று சங்கரேஸ்வரி நினைத்தாள், கையில் மாவு காய்ந்து விரல் எல்லாம் இறுகிக் கிடந்தது. இவளை அடித்தால் யாரை அடிப்பது போல இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. "ஏட்டி, ஒனக்கு வெக்கமா இல்ல? அவன் வாயிலேர்ந்தே வர வச்சிருக்கியே," என்றாள்.

"எல்லாரும் பாப்பாங்கம்மா," என்று பிரதிக்ஷா கத்தினாள். "பஸ்ஸுல மாமா சத்தமாப் பேசும், எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. அங்க தண்ணிக்குள்ள சட்டையக் கழட்டிட்டு நிக்கும், அதையும் பாப்பாங்க. அண்ணன்க எல்லாம் கார்ல ஜாலியா வருவாங்க, நான் மட்டும் ரோட்டுல நடந்து வரணும். நான் மாமாவ ஒண்ணும் வெறுக்கல. ஒரே ஒரு தடவ, ஒரே ஒரு ஊருக்கு, நம்ம மூணு பேர் மட்டும் போனா என்ன? உங்களுக்கு ஒரு நாள்கூட அப்பிடித் தோணினதே இல்லையா?"

தங்கமாரி எழுந்து வந்து மகளுக்குப் பின்னால் நின்றான். போன் கையில் அணைந்து கிடந்தது. "சரி, சரி, விடு ஈஸ்வரி, சின்னப்புள்ள," என்றான். "நீ சொன்னாச்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான்.

"தோணிருக்கு," என்றாள் சங்கரேஸ்வரி.

"எப்ப?"

"இப்பத்தான். அவன் வரலன்னு சொன்னான்லா, அப்ப. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு."

பிரதிக்ஷாவுக்கு அழுகை நின்றுவிட்டது. அம்மாவையும் மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பூ எதுவும் நடக்காத மாதிரி முக்காலியில் உட்கார்ந்திருந்தான், ஆனால் அவனுக்கு எல்லாம் கேட்கும். கேட்கட்டும். சங்கரேஸ்வரி கணவன் பக்கம் திரும்பினாள். "நாலு டிக்கெட்டு போடுங்க. செங்கல்பட்டுக்கு. இப்பவே போடுங்க, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்." அவன் மறுபேச்சு இல்லாமல் போனைத் திறந்தான்.

"உங்களுக்கே அப்பிடி இருந்துச்சுன்னா அப்பறம் ஏம்மா?" என்றாள் பிரதிக்ஷா. குரல் இப்போது சின்னதாகிவிட்டிருந்தது. "நீங்களும் எங்கள மாதிரிதான நெனச்சீங்க. அப்பறம் எதுக்கு எங்க எல்லார்கிட்டயும் இவ்வளவு கோவம்?"

"ஒனக்குத் தோணுது, உங்கப்பாவுக்குத் தோணுது, எனக்கும் தோணுது. இந்த வீட்டுல அவன் பக்கம் நிக்கிறது என் கோவம் ஒண்ணுதான்டி. அதுவும் ஆறிப்போச்சுன்னா அவனுக்கு ஆளில்ல," என்றாள் சங்கரேஸ்வரி. பிறகு அரிசியை அள்ளிக் கல்லில் போட்டாள்.